கம்பத்துப் பன்னீர்த் திராட்சையும் போர்டோ பிரதேசத்துத் தரவரிசையும்

(கும்மிடிப்பூண்டி வட்டார விவசாய டிமான்ஸ்ட்ரேடர் எழுதியது)

போர்டோக் கலவை என்னும் மருந்தை அறியாத குடியானவர் நம் திருவள்ளூர் ஜில்லாவில் அநேகமாக இல்லை. வெற்றிலைக் கொடிக்காலிலும், தென்னங்கன்றின் குருத்தழுகலுக்கும், காய்கறி நாற்றங்கால்களிலும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பல தலைமுறையாக உபயோகித்து வருகிறோம். ஆயினும் அம்மருந்துக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டால் விடையளிப்பவர் சிலரே. போர்டோ என்பது ஒரு ரஸாயனப் பொருளின் பெயரன்று. பிரெஞ்சு தேசத்தின் தென்மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அணித்தாக உள்ள ஒரு நகரின் பெயர். அந்நகரைச் சூழ்ந்த பூமி திராட்சைக்கே பேர்போனது.

சென்ற கோடையில் கவரைப்பேட்டைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தேனி ஜில்லாவுக்குச் சென்று, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களைக் கண்டு திரும்பினார். திரும்பிய வாரத்திலேயே என்னிடம் வந்து, தமது இரண்டு ஏக்கர் மல்லிகையைப் பிடுங்கிவிட்டுத் திராட்சைப் பந்தல் போடலாமா என்று வினவினார். கல்தூண், கம்பி, குழி, கூலி ஆகியவற்றுக்குக் கடன் வாங்கியே தீரவேண்டிய நிலையில் இருப்பவர் அவர். "கம்பத்தில் விளைவது இங்கு ஏன் விளையாது ஐயா? பன்னீர்த் திராட்சை என்று பெயர் சொல்லி விற்றால் ஜனங்கள் வாங்கமாட்டார்களா?" என்பது அவர் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. முதலாவதற்கு மண்ணும் மழையும் விடை கூறும். இரண்டாவதற்கு விடை காணவேண்டுமாயின் கம்பத்தையும் போர்டோவையும் ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும்.

போர்டோவில் விளையும் திராட்சை மதுவாகவே மாறுகிறது. மது செய்யும் முறையையோ அதனைப் பருகுவதையோ எடுத்துரைப்பது இப்பத்திரிகையின் வேலையன்று. ஒரு நிலத்தின் பெயருக்கே விலை உண்டாகும்படி அந்நாட்டார் தங்கள் பூமியைத் தரம் பிரித்துக்கொண்ட விதமே நமக்கு வேண்டுவது.

கம்பம் பள்ளத்தாக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், கூடலூர், கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, உத்தமபாளையம் முதலிய ஊர்களைத் தழுவிக் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி இப்பள்ளத்தாக்கை நனைக்கிறது. தென்னாட்டில் சேலம், மதுரை ஜில்லாக்களில் 1832-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவப் பாதிரிமார் திராட்சையைக் கொண்டுவந்து நட்டனர் என்பர். பன்னீர்த் திராட்சையைக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று கம்பத்தார் சொல்லிவருகின்றனர். இன்றைய தேனி ஜில்லா 1996 வரை மதுரை ஜில்லாவின் பகுதியாகவே இருந்ததென்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்க.

பன்னீர்த் திராட்சையைத் தோட்டக்கலை நூல்கள் மஸ்கட் ஹாம்பர்க் என்று குறிக்கின்றன. கருநீல நிறம், மெல்லிய தோல், உள்ளே விதை, கடித்தவுடன் ரோஜாப் பன்னீரை ஒத்த மணம் ஆகியவை இதன் அடையாளங்கள். தோல் மெல்லியதாகையால் நெடுந்தூரம் அனுப்பவும் பலநாள் இருப்பு வைக்கவும் ஏற்றதன்று. பறித்த சில நாட்களுக்குள் விற்றுத் தீர வேண்டும். இக்குறையே கம்பத்துக் குடியானவரின் பேரம்பேசும் சக்தியைக் குறைக்கிறது என்பது என் அபிப்பிராயம். வியாபாரி ஒருநாள் தாமதித்தால் நஷ்டம் வியாபாரிக்கல்ல.

இவ்விடத்துக் கொடிக்கு உறக்கம் கிடையாது. போர்டோ நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 45 டிகிரியில் உள்ளது. அங்கே பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கி, வருஷத்துக்கு ஒரே முறை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பலன் தருகிறது. கம்பமோ 10 டிகிரிக்கும் கீழே உள்ளது. கொடியை எழுப்புவது இங்கே பருவமன்று, கவாத்துக் கத்தியே. கவாத்துச் செய்த நாளிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம். ஆகையால் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கையில் அடுத்த தோட்டத்தில் அரும்பு விடும். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுப்பவரும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் கவாத்துச் செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பலனும், மே, ஜூனில் கவாத்துச் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் மழைக்காலப் பலனும் கிட்டும். பன்னீர் ரகத்துக்கு ஒவ்வொரு கிளையிலும் நான்கு கணுக்களை நிறுத்தி வெட்டுவது வழக்கம். நடவு இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர் ஆகையால், ஹெக்டேருக்குச் சுமார் 1,660 கொடிகள் நிற்கும். நன்கு பராமரித்த தோட்டத்தில் ஹெக்டேருக்கு வருஷம் 30 டன் பழத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மகசூலாகக் கணித்திருக்கின்றனர். அப்பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது. அப்பக்கம் செல்வோர் அதனைப் பாராமல் திரும்பலாகாது.

போர்டோவின் பூமியும் தரமும்

கரோன், டோர்டோன் என்னும் இரு நதிகள் கூடி ஜிரோண்டு என்னும் கழிமுகமாகிக் கடலில் கலக்கின்றன. இந்நீரோட்டமே போர்டோவின் திராட்சை நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. இடக்கரையில் மெடோக், கிராவ் என்னும் பகுதிகள். இங்கே நிலம் கூழாங்கற்களால் ஆனது. நெல்லுக்கோ கோதுமைக்கோ உதவாது. ஆனால் மழைநீர் உடனே வடிந்துபோகும். பகல் வெப்பத்தைக் கல் இரவிலும் வைத்திருக்கும். இவ்விரண்டு காரணத்தால் தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவினியோன் என்னும் ரகம் இங்கே செழிக்கிறது. வலக்கரையில் சேந்த் எமிலியோன், போமரோல் என்னும் ஊர்கள். அங்கே களியும் சுண்ணாம்புக்கல்லும் மிகுதி. குளிர்ந்த களிமண்ணில் முன்னதாகப் பழுக்கும் மெர்லோ ரகமே பொருந்தும். இரு நதிக்கும் இடைப்பட்ட பூமி பெரும்பாலும் வெண்திராட்சைக்குப் பெயர் பெற்றது. தெற்கே சோதெர்ன் என்னும் சிற்றூர்ப் பக்கம் சிரோன் என்னும் குளிர்ந்த ஓடை கரோன் நதியில் கலப்பதால் இலையுதிர் காலத்தில் காலைதோறும் மூடுபனி படியும். அப்பனியில் பழத்தின்மேல் ஒரு பூஞ்சாளம் பற்றும். பிற இடங்களில் நோயென்று தூக்கி எறியத்தக்க அப்பூஞ்சாளம், இங்கே பழத்தின் நீரை வற்றச்செய்து சர்க்கரையைத் திரட்டுகிறது. அவ்வாறு வற்றிய பழத்தை மட்டும் பொறுக்கி எடுக்க ஆட்கள் ஒரே தோட்டத்துக்குப் பலமுறை செல்கின்றனர். ஆக, இடக்கரைச் செம்மது உறைப்பும் நெடுநாள் இருப்பும் உடையது, வலக்கரையது மென்மையானது, சோதெர்ன் இனிப்பானது. இவ்வேற்றுமைகளுக்கு வேர் மண்ணிலேயே இருக்கிறது.

தரவரிசை பிறந்த வரலாறு கவனிக்கத்தக்கது. 1855-ல் பாரிஸ் நகரில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி ஒரு பெரும் கண்காட்சி நடத்தினார். அதற்காகப் போர்டோ வர்த்தக சங்கத்தார் கேட்டுக்கொண்டபடி அவ்வூர்த் தரகர்கள் ஒரு பட்டியல் தயாரித்தனர். அவர்கள் நாவால் சுவைத்துத் தரம் கூறவில்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்கவுமில்லை. பல்லாண்டு விற்ற விலையைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்து, அதன்படி செம்மதுத் தோட்டங்களை ஐந்து வகுப்பாக வைத்தனர். முதல் வகுப்பில் நான்கே தோட்டங்கள்: லாபித், லாத்தூர், மார்கோ, ஓ பிரியோன். இவற்றில் ஓ பிரியோன் ஒன்றே கிராவ் பகுதியைச் சேர்ந்தது. மற்றவை மெடோக்கைச் சேர்ந்தவை. இனிப்பு வகைக்குத் தனிப் பட்டியல் வைத்து, அதில் இக்கேம் என்னும் ஒரே தோட்டத்தை யாவற்றுக்கும் மேலே வைத்தனர். அன்று முதல் இன்றுவரை முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது 1973-ல் மூத்தோன் ரோட்சைல்டு என்னும் ஒரு தோட்டமே. இன்று செம்மதுப் பட்டியலில் 61 தோட்டங்கள் உள்ளன. சேந்த் எமிலியோன் ஊரார் 1955-ல் வேறொரு பட்டியல் செய்து, அதனைச் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்திவருகின்றனர். போமரோலாரோ பட்டியலே வேண்டாமென்று இருந்துவிட்டனர். அங்குள்ள பெத்ரூஸ் என்னும் தோட்டத்தின் சரக்கு எந்தப் பட்டியலிலும் இல்லாமலே முதல் வகுப்பாரின் விலைக்கு விற்கிறது.

தோட்டங்களுக்கான இப்பட்டியலைவிட நமக்கு முக்கியமானது ஊர்ப்பெயர்ச் சட்டம். 1935-ல் பிரெஞ்சு சர்க்கார் இயற்றிய அச்சட்டத்தின்படி, ஓர் ஊரின் பெயரைப் பீப்பாயின்மேல் எழுத வேண்டுமாயின், எல்லைக்குட்பட்ட நிலத்தில், அனுமதித்த ரகத்தை, விதித்த முறையில் கவாத்துச் செய்து, குறித்த அளவுக்கு மேற்படாத மகசூலே எடுத்திருக்க வேண்டும். மகசூலுக்கு மேல்வரம்பு! நம்மவர் இதைக் கேட்டால் நகைப்பர். மெடோக்கில் ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி வரையில் நெருக்கி, முழங்கால் உயரத்தில் நட்டிருந்தும், அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் 50 முதல் 60 ஹெக்டோலிட்டர் ரசம், அதாவது ஏறக்குறைய ஏழெட்டு டன் பழமே. கம்பத்துக் கணக்கில் இது நாலில் ஒரு பங்கு. கொடிக்குப் பாரம் குறைந்தால் பழத்தில் சத்துத் திரளும் என்பது அவர்கள் கொள்கை. சரக்குக் குறைந்தால் விலை நிற்கும் என்பதும் அவர்கள் அறியாததன்று.

ஆயினும் பெயரே எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று எண்ணவேண்டாம். போர்டோ பிரதேசத்தில் 2023 வாக்கில் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் திராட்சை இருந்தது. வகுப்புப் பெற்ற தோட்டங்கள் அதில் ஒரு சிறுபகுதியே. மற்றவர் சரக்கு தேங்கி விலை சரிந்தபடியால், சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளை வேரோடு பிடுங்குவதற்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அளிக்கும் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. போர்டோ என்ற பொதுப்பெயர் மாத்திரம் உடைய குடியானவர், அப்பெயரை ஆயிரக்கணக்கானவரோடு பங்கிட்டுக்கொண்டு, விலையில் பங்கு பெறாமற்போனார். மல்லிகையைப் பிடுங்க நினைப்பவர் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நலம்.

மருந்தின் கதை

அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் 1878-ல் பிரெஞ்சு தேசத்தில் முதன்முதல் காணப்பட்டது. இலையின் அடியில் வெண்பூசணம் படர்ந்து, தோட்டம் முழுதும் மொட்டையாகும். போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்த மில்லார்தே என்பவர் 1882-ல் மெடோக்கில் சேந்த் ஜூலியன் என்னும் ஊர் வழியே செல்கையில், சாலையோரக் கொடிகள் மட்டும் இலையுதிராமல் நிற்கக் கண்டார். விசாரித்தபோது, வழிப்போக்கர் பழம் திருடாதிருக்க, விஷம்போல் தோன்றும் பொருட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர் என்று தெரிந்தது. கள்வரை அஞ்சித் தெளித்தது நோயைத் தடுத்தது. அதன்பின் ரஸாயன சாஸ்திரி கேயோன் என்பவர் உதவியுடன் பரீட்சித்து, 1885-ல் முறையை வெளியிட்டார். நாம் இன்று கலக்கும் மருந்து அதுவே.

நூறு லிட்டர் ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, நன்றாய்ச் சுட்ட கற்சுண்ணாம்பு ஒரு கிலோ வேண்டும். மண், மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியே ஐம்பது லிட்டர் நீரில் கரைத்து, சுண்ணாம்பு நீரை வடிகட்டி, அதில் துத்தநீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியை ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுக்கையில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இன்றேல் இலை கருகும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். பழம் நிறம் மாறிய பின் தெளித்தால் கறை படிந்து விலை கெடும்.

அளவுக்கு மிஞ்சினால் இதுவும் கேடே. ஏக்கருக்கு இருநூறு லிட்டர் வீதம் ஒருமுறை தெளித்தால் ஹெக்டேருக்கு ஒன்றேகால் கிலோ செம்பு மண்ணில் சேர்கிறது. அது மக்குவதுமில்லை, அகல்வதுமில்லை. நூறாண்டுக்கு மேல் தெளித்த போர்டோ நிலங்களில் செம்பு தேங்கியிருப்பது கண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தார் 2019 முதல் ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவே வரம்பென விதித்தனர். வருஷத்துக்கு நான்கு கிலோ. நம் கணக்கில் மூன்று தெளிப்பு. மழை விட்டபோதெல்லாம் தெளிப்பவர் தங்கள் மண்ணை எண்ணிப் பார்க்கவும்.

பெயரும் எல்லையும்

கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் வரும் கறுப்புத் திராட்சை எதுவாயினும் பன்னீர் என்றே கூவப்படுகிறது. நான் வாங்கிப் பார்த்த பலமுறை அது பெங்களூர் நீலத் திராட்சையாகவே இருந்தது. பெங்களூர் நீலமும் தன் சொந்தப் பெயரில் பதிவு பெற்ற நல்ல பழமே. ஆனால் பழத்தைப் பிதுக்கினால் தோல் பைபோலக் கழன்று சதை தனியே குதிக்கும். பன்னீரில் தோல் சதையோடு ஒட்டியிருக்கும், மணமும் வேறு. வாங்குவோர் இச்சிறு பரீட்சையை அறிந்திருந்தால் கம்பத்தார் பாதி வழக்கு வென்றவராவர்.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ல் இயற்றி 2003 செப்டம்பர் 15 முதல் அமுலுக்கு வந்த சட்டத்தின்கீழ், கிண்டியில் உள்ள பதிவாலயத்தில் இது பதிவாயிற்று. பதிவு பத்தாண்டு செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். பொய்யாக அப்பெயரை இட்டு விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைவாசமும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் சங்கம் பதிவு பெற்றதனால் மட்டும் தனிக் குடியானவர் உரிமை பெற்றுவிடமாட்டார். அவரவரும் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகத் தனியே விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத குடியானவரின் பழம் எல்லைக்குள் விளைந்ததாயினும் பெட்டியில் குறியீட்டை இடமுடியாது.

இன்னொன்று தரம். பன்னீர்க் குலையில் ஒரே சமயத்தில் எல்லாப் பழமும் பழுப்பதில்லை. கருத்த பழங்களுக்கிடையே செங்காய்களும் சிறுமணிகளும் கலந்திருக்கும். குலையின் நுனிப்பழமே கடைசியில் இனிப்பேறுவது. அதனைச் சுவைத்துப் பார்த்தே வெட்டவேண்டும். விலை ஏறிய வாரத்தில் செங்காயோடு வெட்டி அனுப்பும் வழக்கம் நீங்காதவரையில், குறியீடு பெட்டியின்மேல் ஒட்டிய காகிதமாகவே இருக்கும். 1855-ல் தரகர் பார்த்த கணக்குப் புத்தகத்தில் நல்ல விலை ஏறியிருந்ததற்கு, அதற்கு முந்திய பல ஆண்டுகளில் தோட்டக்காரர் தாழ்ந்த சரக்கைத் தம் பெயரில் விடாதிருந்ததே காரணம்.

நம் ஜில்லாவுக்கு

கவரைப்பேட்டைக் குடியானவரின் தோட்டத்துக்குச் சென்று ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் பார்த்தோம். மேலே ஒன்றரை அடி மணல்சாரி. அதன்கீழ் இறுகிய களி. ஐப்பசி, கார்த்திகையில் நீர் அங்கே நின்றுவிடும். திராட்சைக்கு வேண்டுவது வடிகாலுள்ள குறுமண். கார அமில நிலை 6.5 முதல் 7 வரை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் ஒன்றுக்குக் கீழ். அவர் கிணற்று நீர் இரண்டையும் தாண்டியிருந்தது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் அணித்தான கிராமங்களில் இது புதுமையன்று. மகாராஷ்டிரத்தில் உவரையும் வறட்சியையும் தாங்க டாக்ரிட்ஜ் என்னும் வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டுகின்றனர். அது நீரின் உப்பை ஓரளவு தாங்கும். நீர்தேங்கும் களியை அது மாற்றித் தராது.

மழையும் விரோதமே. கம்பம் மழைமறைவில் உள்ளது. நமக்கோ வருஷத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது, புயலும் அப்போதே. பந்தல் சாயும், இலையில் அடிச்சாம்பலும் பறவைக்கண் நோயும் பற்றும். எனவே டிசம்பர் கடைசியில் கவாத்துச் செய்து கோடையில் எடுக்கும் ஒரே பலனை நம்பவேண்டியிருக்கும். பந்தல் செலவு கம்பத்தாருக்கும் நமக்கும் ஒன்றே. அவருக்குக் கிடைக்கும் அறுவடையில் பாதிக்கும் குறைவே நமக்கு. கவாத்துக்கும் குலை திருத்தவும் ஒரே வாரத்தில் கைதேர்ந்த ஆட்கள் பலர் வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் செல்லும் இவ்வட்டாரத்தில் அவர்களைத் தேடுவது எளிதன்று.

இவ்வளவும் கடந்து விளைவித்தாலும், அப்பழம் கம்பம் பன்னீர் ஆகாது. பன்னீர்க் கொடியை இங்கு நட எவரும் தடை சொல்லார். கம்பத்தின் பெயரை இடுவதே குற்றம். இது மல்லிகை விவசாயிக்குப் புதிய பாடமன்று. 2013-ல் மதுரை மல்லி பதிவானது முதல், அவர் கோயம்பேட்டுக்கு அனுப்பும் பூ எவ்வளவு நன்றாயிருந்தாலும் மதுரை மல்லி என்று விற்க இயலாது. இதனைச் சொன்னபோது அவர் சற்று மௌனமாயிருந்து, "அப்படியானால் எங்கள் பூவுக்கு ஏன் ஐயா ஒரு பெயர் இல்லை?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. அரும்பின் நீளம், பறிக்கும் நேரம், கட்டும் முறை ஆகியவற்றில் அவ்வூரார் ஒரே ஒழுங்கை மூன்று வருஷம் கடைப்பிடித்து, விற்ற விலையைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவரும்படி மட்டும் கூறினேன். எழுதத் தொடங்கியிருக்கிறார். மல்லிகை நிற்கிறது, கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வீட்டுப் புழக்கடையில் ஒரு கொடி வைக்க விரும்புவோரைத் தடுக்கவில்லை. ஜூன், ஜூலையில் வேர்விட்ட குச்சியை நடலாம். மேட்டுப்பாங்கான இடமாகவும், கிணற்று நீர் உப்பற்றதாகவும் இருத்தல் வேண்டும். நிலத்தில் பயிரிட எண்ணுவோர் பணம் செலவிடுமுன் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழங்களிலிருந்து மண்ணைத் தனித்தனியே எடுத்து நிழலில் உலர்த்தி, ஆழத்தைக் குறித்துத் துணிப்பையில் கட்டவும். பம்பு அரைமணி நேரம் ஓடிய பின் நீரை, அந்நீராலேயே கழுவிய பாட்டிலில் நிரப்பவும். சர்வே எண்ணும் முன் சாகுபடியும் எழுதிய சீட்டுடன் மண் பரிசோதனைச் சாலையில் சேர்ப்பித்து, முடிவு வந்த பின்னரே கல்தூணுக்கு முன்பணம் கொடுக்கவும்.